பிண்ணாக்கோடு கருவேல இலை கொடுத்தும் குட்டிகள் எடை ஏறவில்லை, என்ன காரணம்?

கேள்வி:
தாராபுரம் பக்கம் மயிலம்பாடி ஆடு வளர்க்கிறேன். குட்டிகளுக்கு நாலைந்து மாதம் ஆகிறது. கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப்புல் காய்ந்துவிட்டதால் சோளத்தட்டையும், குட்டிக்கு ஒரு கை கடலைப் பிண்ணாக்கும் வைக்கிறேன். துவர்ப்புள்ள மர இலை சேர்த்தால் பிண்ணாக்கின் புரதம் வீணாகாது என்று கேள்விப்பட்டு, சில வாரங்களாகக் கருவேல இலையை வேண்டிய மட்டும் போடுகிறேன். இப்போது தட்டையைக் கடிக்கவே மறுக்கின்றன. புழுக்கை கறுத்துக் கல்லாக இறுகியிருக்கிறது. எடையும் ஏறவில்லை. பிண்ணாக்கு விற்கிற விலையில் வயிறு எரிகிறது. வழி சொல்லுங்கள்.

பதில்:
நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான் ஐயா. கடலைப் பிண்ணாக்கின் புரதம் ஆட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் சீக்கிரமே அம்மோனியாவாகிவிடும். நுண்ணுயிர்கள் எடுத்தது போக மிச்சம், கல்லீரலில் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். இலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பெருவயிற்றின் கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை இருக்கும். அங்கே பிடி விடாது. நான்காம் வயிற்றில் அது 3 அளவுக்கு இறங்கும்போது பிடி தளர்ந்து, புரதம் செரித்து உடம்பில் சேரும்.

ஆனால் உங்கள் தீவனத்தில் மிச்சமாகும் புரதம் எங்கே இருக்கிறது? தட்டையில் புரதம் மிகக் குறைவு. ஒரு கை பிண்ணாக்கு நுண்ணுயிர்களுக்கே பற்றாது. அதையும் டானின் கட்டிப்போட்டால் நாரைச் செரிக்க வயிற்றில் யார் இருக்கிறார்கள்? தட்டையை ஒதுக்குவது அதனால்தான். மொத்த உலர் தீவனத்தில் டானின் 2 முதல் 4 விழுக்காடு வரை இருந்தால் நல்லது. 5-ஐத் தாண்டினால் தீனியும் குறையும், செரிமானமும் குறையும். கருவேலை உடனே நிறுத்தி, அகத்தியோ கிளைரிசிடியாவோ கொடுங்கள். தண்ணீர் தாராளமாக வையுங்கள்.

மற்றொருவர்:
கீழ் இமையை விரித்து உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவாக இருக்கலாம். அப்படியானால் இலையை மாற்றிப் பயனில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேட்டவர்:
இமை சிவப்பாகத்தான் இருக்கிறது. அகத்தி போட்டதும் தட்டையைக் கடிக்க ஆரம்பித்துவிட்டன, மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம்: இலை நறுக்கிய அரிவாள் கருநீலமாகிறதே, டானினாலா? இனி ஆல இலை போடலாமா?

முதலில் பதில் சொன்னவர்:
ஆம், டானின் இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். ஆனால் கறையைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. மாதிரி கொடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஆல இலை நல்ல தேர்வு. கருவேலில் நீரில் சிதைகிற வகை டானினும் உண்டு. அது மிஞ்சினால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஆல இலையை நிழலில் உலர்த்தி, நொறுக்கி, பிண்ணாக்கோடு பிசைந்தே வையுங்கள். தனியாகக் கட்டிவிட்டால் எந்தக் குட்டி எவ்வளவு தின்றது என்று தெரியாது. முதலில் பிண்ணாக்கைக் கூட்டுங்கள், பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். புழுக்கை மறுபடி இறுகினால் அன்றைக்கே குறைத்துவிடுங்கள்.