திருச்சியில் முட்டி வலி. கன்னியாகுமரிக்கு இன்னும் 380 கி.மீ.

கேரியர்பை:
குழந்தைகள் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட ஆறு நாள் சென்னை–கன்னியாகுமரி சவாரி. மூணு நாளில் 330 கி.மீ. வந்தாச்சு. விழுப்புரம் தாண்டினதிலிருந்து வலது முட்டிச் சில்லுக்குக் கீழே வலி. இப்போ படி இறங்கவே முடியலை. வீக்கம் இல்லை. அலுமினிய ரோடு பைக், முன் பல்சக்கரங்களில் 50, 34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை, கேரியரில் 9 கிலோ. கி.மீ. கணக்கில் பணம் தர ஒத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. மாத்திரை போட்டுட்டு ஓட்டிடலாமா?

சங்கிலிஎண்ணெய்:
மாத்திரை அப்புறம், முதல்ல அளவு டேப்பைக் கையில் எடுங்க. முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா சீட் தாழ்வா இருக்கான்னு பார்க்கணும், பின்பக்கம்னா உயரமா இருக்கான்னு. வெளிப்பக்கம்னா கிளீட் (ஷூ அடியில் பெடலைக் கவ்வுற துண்டு) கோணத்தையும் சேர்த்துப் பாருங்க. கிளம்பும்போது சரியா இருந்த சீட், சுமையோட 300 கி.மீ. அதிர்ந்தா சொல்லாம கொள்ளாம இறங்கிடும்.

செருப்பில்லாம சுவரில் சாய்ஞ்சு நின்னு, ஒரு புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி வச்சு, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளங்க. அதை 0.883-ஆல் பெருக்கினா பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகள் சுத்துற அச்சு) நடுவிலிருந்து சீட் மேல்பரப்பு வரைக்கும் வர வேண்டிய உயரம். 80 செ.மீ. காலுக்கு 70.6. பிறகு சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்குற கம்பி) உருவிப் பாருங்க. கிளாம்ப் (போஸ்ட்டை இறுக்குற வளையம்) பிடிக்கிற இடத்தில் நீளவாக்கில் புதுக் கீறல் இருந்தா வழுக்கியிருக்குன்னு அர்த்தம்.

கேரியர்பை:
கால் 80 தான். சீட் 69.2-ல் நிக்குது. கீறலும் இருக்கு!

சங்கிலிஎண்ணெய்:
14 மி.மீ. போயிருக்கு. முட்டி அதிகமா மடங்கி மடங்கி மிதிச்சதில் சில்லு மேல அழுத்தம் கூடியிருக்கும். போஸ்ட்டையும் குழாய் உள்பக்கத்தையும் துடைச்சு, லேசா கிரீஸ் தடவி, கிளாம்ப்பில் அச்சிட்ட முறுக்குவிசை அளவுக்கு (பெரும்பாலும் 5-6 நியூட்டன் மீட்டர்) முறுக்குங்க. பழைய உயரம் தெரிஞ்சிருந்தா அதுக்கே ஏத்துங்க. தெரியலைன்னா நாளுக்கு 5 மி.மீ.க்கு மேல வேண்டாம். கிளாம்ப்புக்கு மேல ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டா, அடுத்த தடவை இறங்கினா கண்ணுக்கே தெரியும்.

காற்றுக்கெதிர்:
கியரையும் கவனிங்க. முன்னால் 50 பல், பின்னால் 15 பல் போட்டு நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா 25 கி.மீ. வேகம். பின்னால் அதே 15, முன்னால் 34 போட்டு 88 சுத்து மிதிச்சாலும் அதே 25 தான். ஆனா ஒவ்வொரு மிதிக்கும் தேவையான அழுத்தம் மூணில் ஒரு பங்கு குறையும். மேம்பாலம் ஏறும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு பெரிய கியரிலேயே ஏறுறதுதான் பலருக்கும் வினையாகுது. பாலம் தொடங்கும் முன்னாடியே மாத்துங்க. பாதி ஏத்தத்தில் மாத்தினா சங்கிலி கழலலாம். 9 கிலோவை முடிஞ்சா பார்சல்ல அனுப்பிடுங்க.

பிசியோமேசை:
ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போட்டு ஓட்டவே வேண்டாம். வலிதான் உங்களுக்கு இருக்கிற பிரேக், அதைக் கழட்டிடாதீங்க. அதோட, வெயிலில் உடம்பு வத்தியிருக்கும்போது இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரெண்டு நாள் முழு ஓய்வு. துணியில் சுத்தின ஐஸ் 15 நிமிஷம், நாளுக்கு மூணு வேளை.

மூணாம் நாள் பத்துப் படி வலியில்லாம இறங்க முடிஞ்சா சமதரையில் 20 கி.மீ. ஓட்டுங்க. மறுநாள் காலை வலி கூடலைன்னா 40, அப்புறம் 60. கூடிச்சுன்னா ஒரு படி பின்னுக்கு. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கிட்டாலோ, நிக்கும்போது மடிஞ்சு விழுந்தாலோ, சூடா இருந்து காய்ச்சலும் வந்தாலோ கணக்கெல்லாம் வேண்டாம், எலும்பு டாக்டரைப் பாருங்க.

நிதிக்குறிப்பு:
ஆறு நாள்ங்கிறது நீங்க போட்ட கணக்கு. பணம் தர்றவங்க பெரும்பாலும் அதை எண்ணிட்டு இருக்க மாட்டாங்க. நிதிப் பக்கத்தில் இன்னைக்கே எழுதிடுங்க: எங்கே நிக்கிறேன், என்ன காயம், எப்போ தொடர்வேன். மறைச்சிட்டு வேன்ல ஏறினது பின்னாடி தெரிஞ்சாதான் சிக்கல். நின்ன இடத்தின் ஜிபிஎஸ் பதிவைச் சேமிச்சு வச்சா, ஒரு மாசம் கழிச்சுக்கூட அதே இடத்திலிருந்து தொடங்கலாம். வேற ஒருத்தர் மீதியை ஓட்டுறதுன்னா கி.மீ. கணக்கில் தர்றவங்களிடம் முதல்லயே சம்மதம் கேளுங்க.

காற்றுக்கெதிர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஜூன்–செப்டம்பர்ல போனா வள்ளியூர், காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். அங்கே வேகத்தைப் பார்க்காம சுத்து எண்ணிக்கையை மட்டும் பாருங்க. 15 கி.மீ. வேகம் வந்தாலும் 34-லேயே இருங்க. திருநெல்வேலியிலிருந்து விடியறதுக்குள்ள கிளம்பிடுங்க.