மறு: படகு டேங்க் வென்ட்டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

> வென்ட் = வளிபோக்கி. சுருக்கமா இருக்கு, கையேட்டுல இதையே வச்சுக்கிடலாம்.

நம்ம படகுக் கையேட்டுக்குப் போட்ட தமிழ்ச்சொல் பட்டியல்ல, டீசல் டேங்க்குக்குக் காத்து போய்வர வச்ச வழியான வென்ட்டுக்கு இப்படி எழுதியிருக்கீய, இதுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். நான் உவரி பக்கம் படகு எஞ்சின் வேலை பாக்கவன், கையேடு வந்தா முதல்ல கையில வாங்கப் போறது எங்க பயலுவதான், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

போக்கின்னா வெளிய தள்ளுறது. வென்ட்டோட வேலையில அது பாதிதான். டீசல் ஊத்தும்போது டேங்க்குல அடைச்சுக் கெடக்க காத்து வெளிய போகணும், சரி. ஆனா கடல்ல ஓடும்போது எஞ்சின் டீசலை இழுக்க இழுக்க அந்த இடத்துக்கு வெளிக்காத்து உள்ள வரணும்லா, அது வரலைன்னா டேங்க்குள்ள வெற்றிடம் விழுந்து பம்பு இழுக்க முடியாம எஞ்சின் திணற ஆரம்பிச்சிரும். கரையில ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா ஒரு கொறையும் தெரியாது, வெளிய போயி ரேஸ் குடுத்துக் கொஞ்ச தூரம் ஓடினதும் இறங்கி நின்னுரும், சும்மா விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகும், திரும்ப நிக்கும். பில்டரை மாத்துவாவ, பம்பைக் கழத்துவாவ, டீசல்ல தண்ணி கலந்துட்டான்னு பங்க்காரன்கிட்ட சண்டைக்குப் போவாவ, ஆனா டேங்க் மூடியத் திறந்தா உஸ்னு காத்து உள்ள இழுக்கிற சத்தம் கேக்கும், அவ்வளவுதான், கொறை வென்ட்டுலதான் இருக்கு. பிளாஸ்டிக் டேங்கா இருந்தா பக்கம் ரெண்டும் உள்ள ஒட்டிப்போயி நிக்கதையே கண்ணால பாக்கலாம். அவுட்போர்டு, அதான் படகுக்குப் பின்னால வெளிய மாட்டுற எஞ்சின், வச்சிருக்கவங்களுக்கு இது இன்னும் சுளுவாத் தெரியும், கைடேங்க் மூடியில இருக்க சின்னத் திருகைத் திறக்க மறந்தா ஹோஸ்ல இருக்க ரப்பர் பந்து அமுங்கினபடியே கெடக்கும், எழும்பவே எழும்பாது.

இப்ப "வளிபோக்கி"ன்னு படிச்ச பையன் என்ன நினைப்பான்? டேங்க்கு நெறஞ்சாச்சு, போக வேண்டிய காத்து போயாச்சு, இனி இதுக்கு வேலை இல்லைன்னு நினைச்சு அலைத்தண்ணி தெறிச்சு உள்ள போயிரக்கூடாதேன்னு துணியை வச்சு அடைச்சிருவான். நல்லெண்ணத்துலதான் செய்வான், நடுக்கடல்ல எஞ்சின் நின்னுரும். பேரு பாதிய மட்டும் சொன்னா இதுதான் நடக்கும். "தூம்பு"ன்னு ஒரு அண்ணாச்சி எழுதியிருந்தீய, நல்ல பழஞ்சொல், குளத்து மடையிலயும் வீட்டு மாடியிலயும் நம்ம ஊர்ல இன்னும் பொழங்குதது, ஆனா அதுவும் தண்ணி ஒரே பக்கமா இறங்குற வழிதானே, அதே கொறை அதுக்கும் உண்டு.

அதனாலதான் மூச்சுன்னு வரணும்னு கேக்கேன். மூச்சு ரெண்டு பக்கமும் போய்வரும், யாருக்கும் விளக்க வேண்டாம். டேங்க்குல இருந்து கெளம்புற ஹோஸ் மூச்சுக்குழல், படகுப் பக்கவாட்டுல அது வந்து முடியிற வலை வச்ச துவாரம் மூச்சுவாய். ரெண்டுக்கும் தனித்தனிப் பேரு கண்டிப்பா வேணும், ஏன்னா கொறையும் தனித்தனியா வருது.

> மூச்சுக்குழல் உடம்பு உறுப்பு, உயிரியல் பாடத்துல இருக்கு. குழப்பம் வரும்.

வராது அண்ணாச்சி. திருநெல்வேலியில தாமிரபரணி மேல உள்ள நம்ம சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல கட்டினது, அதோட ஆர்ச்சு 11-ஐயும் கண்ணுன்னுதானே சொல்லுதோம். ஆத்துல இருந்து பிரியிறது கால், அது வயலுக்குள்ள திறக்கிறது வாய். உடம்பு உறுப்பை எடுத்துக் கட்டுமானத்துக்கும் கருவிக்கும் வைக்கது தமிழ்ல காலங்காலமா உள்ள வழக்கம், தாமிரபரணிப் பாசனம் முழுக்க அப்படித்தான் ஓடுது. 1930-கள்ல இ.மு.சுப்பிரமணிய பிள்ளை போல உள்ளவங்க இதே திருநெல்வேலியில இருந்து கலைச்சொல்லுக்கு அவ்வளவு பாடுபட்டிருக்காவ, அந்த ஊர்க்காரங்க நாம வேலை பாக்கவன் வாயில நிக்காத சொல்லை ஏத்தி அனுப்பக் கூடாது.

அடுத்தது டீசல் ஏறமாட்டேங்குற கொறை. பங்க்குல நாசில், அதான் டீசல் ஊத்துற பைப்போட முனை, டக்கு டக்குன்னு கட் ஆகும், இல்லைன்னா ஊத்துற வாய் வழியாவே டீசல் பொங்கித் தெறிக்கும். நாசில் நுனியில ஒரு சின்ன ஓட்டை உண்டு, பாத்திருப்பீய. டீசல் ஓடுற வேகத்துல அது வழியா காத்து உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அந்த ஓட்டையை டீசலோ நுரையோ மூடினா உள்ள இருக்க டயாபிரம்னு சொல்லுற ஜவ்வு இழுத்து நாசில் அடைச்சிரும். டேங்க்கு நெறஞ்சா இது நடக்கணும். ஆனா மூச்சுக்குழல் அடைச்சிருந்தா உள்ள இருக்க காத்துக்கு வேற வழி இல்லாம ஊத்துற குழாய் வழியாவே எதிர்த்து ஏறும், டீசலை நுரைக்க வச்சு மேல தள்ளும், டேங்க்கு காலியா இருக்கும்போதே நாசில் நின்னுரும். ஊத்துற ஹோஸ் வழக்கமா 38 மில்லிமீட்டர், மூச்சுக்குழல் 16 மில்லிமீட்டர், சின்னது அடைக்கத்தான் முதல்ல அடைக்கும்.

இப்படிப் பொங்கித் தெறிக்கதுக்குப் "பின்னுமிழ்வு"ன்னு போட்டிருக்கீய. இதை வாசிச்சுட்டு யாரும் திரும்ப வாயால சொல்லப் போறதில்ல. எதுக்களிப்புன்னு போடுங்க. பாலைக் குடிச்ச பிள்ளை ஏப்பத்தோட திரும்பக் கக்குறதை எல்லா வீட்டுலயும் எதுக்களிக்குன்னுதான் சொல்லுதோம், உள்ள அடைபட்ட காத்து மேல வரும்போது குடிச்சதையும் சேத்துக் கொண்டாருது, இங்கயும் அதேதான் நடக்கு. சொல்லே காரணத்தையும் சொல்லிரும், "டேங்க் எதுக்களிக்கு"ன்னு சொன்னதும் காத்தைத்தான் தேடுவான்.

மூச்சுவாயில எப்படி அடைக்கும்னு கேட்டிருந்தீய. வலையில உப்புப் பூத்துக்கெடக்கும், ஏத்தி வச்ச படகுன்னா மணல் இருக்கும், எல்லாத்தையும் விடக் குளவி. மண்ணைக் கொண்டாந்து வலைக்குப் பின்னாடி விரல் தண்டிக்குக் கூடு வச்சிரும், வெளிய இருந்து பாத்தா வலை பளிச்சுன்னு இருக்கும், கழத்தினாதான் உள்ள காஞ்ச மண்ணு உருளையா உதிரும். மீன்பிடித் தடைக்காலத்துல படகு கரையில கெடந்து எழும்பும்போது இதைக் கண்டிப்பா பாக்கணும், கையேட்டுல தனி வரியாவே போடுங்க. மூச்சுக்குழல்ல வேற சங்கதி: ஹோஸ் நடுவுல தொங்கி வளைஞ்சிருந்தா அந்தப் பள்ளத்துல டீசல் தங்கி நின்னு அடைப்பான் மாதிரி ஆயிரும், ஹோஸ்ல ஒரு ஓட்டை உடைசல் இருக்காது, ஆனா காத்து போகாது. டேங்க்குல இருந்து மேல ஏத்தமாவே போகணும், எங்கயும் தொங்கக்கூடாது. சோதிக்க டேங்க் பக்கத்து முனையைக் கழத்திட்டு மெதுவா ஊத்திப் பாத்தா போதும், ஒழுங்கா ஏறுச்சுன்னா டேங்க்கு நல்லாருக்கு, கொறை ஹோஸ்லயோ வாயிலயோ. கம்ப்ரஸர் காத்தை டேங்க்கோட சேத்து அடிக்காதீயன்னு கட்டாயம் எழுதணும், டேங்க் உப்பி வெடிச்சிரும். ஹோஸை ரெண்டு முனையும் கழத்தின பிறகு ஊதலாம்.

டீசல் எவ்வளவு இருக்குன்னு காட்டுற கேஜுக்கு வாரேன்.

> எரிபொருள்மானி (டேஷ்போர்டுல உள்ளது, டேங்க்குல உள்ளது ரெண்டுக்கும்)

ரெண்டுக்கும் ஒரே பேரு வேண்டவே வேண்டாம். முள்ளு சரியா காட்டலைன்னா "மானி போச்சு"ன்னு சொல்லி டேஷ்போர்டுல உள்ளதைக் காசு குடுத்து மாத்திட்டு வந்து நிக்காவ, கொறை பெரும்பாலும் டேங்க்குல உள்ளதுலயோ அதுக்கு வாற எர்த் வயர்லயோ இருக்கும். மேல உள்ளது எதையும் அளக்கல, காட்டத்தான் செய்யுது, அதனால மட்டங்காட்டி. அளக்கது டேங்க்குள்ள இருக்கது, அது மட்டவுணரி. மிதப்பு வச்சதுன்னா மிதப்புணரி. வலையில கட்டுறதுக்கும் மிதப்புன்னுதான் கரையில பேரு, தனியாப் படிக்க வேண்டியதில்ல. நீளக் கம்பி வச்சு ஆடுற ரகத்துக்கும் குழாயில ஏறி இறங்குற ரகத்துக்கும் ரெண்டுக்குமே பொருந்தும்.

பேரைப் பிரிச்சாத்தான் சோதனையையும் எழுத முடியும். அமெரிக்க ரக உணரியோட மின்தடை காலி டேங்க்குல 240 ஓம், நெறஞ்சா 33 ஓம். மட்டங்காட்டிக்குப் பின்னாடி உணரியில இருந்து வாற வயரைக் கழத்தினா முள்ளு காலிக்கு விழணும், அந்த முனையை எர்த்ல தொட்டா முழுசுக்கு ஏறணும். ரெண்டும் நடந்தா காட்டி நல்லாருக்கு, கீழ போயிப் பாரு. ஐரோப்பிய ரகம் காலிக்கு 10, முழுசுக்கு 180, அதுல இதெல்லாம் தலைகீழா வரும், ஒரு ரகக் காட்டியும் இன்னொரு ரக உணரியும் சேந்துட்டா டேங்க்கு நெறைய நெறைய முள்ளு இறங்கும். எர்த் முனையில பச்சை பூத்திருந்தா ஓம் கூடிப் போயி அமெரிக்க ரகம் எப்பவும் கொறைச்சே காட்டும், ஐரோப்பிய ரகம் கூட்டிக் காட்டும், சுரண்டி இறுக்கினாலே முக்காவாசி சரியாயிரும். பெட்ரோல் டேங்க்குன்னா இந்த வயர் சோதனையை டேங்க்குப் பக்கத்துல வச்சுப் பண்ணக்கூடாது, பொறி ஒண்ணு போதும்.

இன்னொண்ணு, முள்ளு பாதியில நின்னா டீசல் பாதி இருக்குன்னு அர்த்தம் இல்ல. அடி குறுகின டேங்க்குல மேல்பாதியிலதான் டீசல் கூட, அடிப்பாதி சடார்னு தீந்துரும். ஓடும்போது அணியம், அதான் படகோட முன்பக்கம், தூக்கும், டீசல் பின்னால ஒதுங்கும், உணரி டேங்க்கு நடுவுல இல்லைன்னா அதுக்கும் ஏத்தமாதிரி மாறும். படகு நிக்கும்போது குச்சி விட்டுப் பாக்கதைக் கையேட்டுல இருந்து எடுத்துராதீய. அதுக்கு "ஆழ அளவி"ன்னு போட்டிருக்கீய, வேண்டாம், கடல் ஆழம்னு நினைப்பாவ, அளவுக்குச்சின்னு இருக்கட்டும்.

ஊத்துற வாய்க்கு "நிரப்புவாய்" எனக்குச் சம்மதம். நாசிலுக்கு என் கையில சொல் இல்ல, நாசில்னே இருக்கட்டும், எல்லாருக்கும் தெரியும். மிதப்பு விசயத்துல கன்னியாகுமரிக் கரைக்காரங்க வேற சொல் பொழங்கினா எழுதுங்க, அச்சுக்குப் போகதுக்கு முன்னாடி பாத்துக்கிடலாம்.