மேற்குச் சுவர் கொதிக்கிறது, முகப்புக்கு பேனல் போடச் சொல்கிறார்கள்: காட்பாடி வீட்டுக்கு எது சரி?

காட்பாடி_புதுவீடு

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் கீழ்தளம், மேல்தளம் என்று வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். மேல் கான்கிரீட் முடிந்து உள்பூச்சு நடக்கிறது. வெளிப்பூச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. கிழக்குப் பார்த்த வாசல், 9 அங்குலச் செங்கல் சுவர். எலிவேஷன் படம் போட்டுத் தந்தவர் முகப்பு முழுவதும் அடர் சாம்பல் நிறத்தில் ஏசிபி ஷீட் (அலுமினியத் தகடு பேனல்), நடுவில் மரம் போலத் தெரியும் ஹெச்பிஎல் (அழுத்திச் செய்த லேமினேட்) பட்டை என்று காட்டியிருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பேனல் போட்டால் உள்ளே சூடும் குறையும், பின்னால் வெளிப்பூச்சும் தேவையில்லை, அதில் பணம் மிச்சம் என்கிறார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பூசி வெள்ளையடித்தால் போதும் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாகாயம்_ஓய்வு

தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். என் வீட்டு போர்ட்டிகோவிலும் மாடி முகப்பிலும் சிவப்பு ஏசிபி போட்டேன். மூன்று கோடை தாங்கவில்லை, நிறம் வெளுத்துப் போனது. இரண்டு ஷீட்டுக்கு நடுவே அடைத்த சிலிகான் பாளம் பாளமாக வெடித்தது. ஐப்பசி மழை அந்த வழியாக உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நின்று, படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இரும்பு ஃப்ரேம், ஒரு கோட் பிரைமர்கூட அடிக்காமல் துருப்பிடித்துக் கிடந்தது. பின்னால் பூச்சு இல்லாத வெறும் செங்கல். உங்களுக்குச் சொன்ன அதே ‘மிச்சம்’தான் எனக்கும் சொன்னார்கள். அந்த மிச்சத்தைப் போலப் பல மடங்கு நான் பிறகு செலவழித்தேன்.

ராணிப்பேட்டை_ஃப்ரேம்

ஐயா, நீங்கள் பட்ட கஷ்டம் உண்மை. அதை வேலையின் குற்றமாகப் பாருங்கள், பேனலின் குற்றமாகப் பார்க்காதீர்கள். நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

ஏசிபி என்பது இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக். மலிவான 3 மில்லிமீட்டர் ஷீட்டில் தகடு 0.25 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளியே போடக்கூடியது 4 மில்லிமீட்டர், அதில் தகடு ஒவ்வொன்றும் 0.5 மில்லிமீட்டர். மேலே இருக்கும் பூச்சு பாலியெஸ்டரா, வெயில் தாங்கும் பிவிடிஎஃப்-ஆ என்று கேட்க வேண்டும். பாலியெஸ்டர் கடைக்கு உள்ளே போடுவதற்கு. வேலூர் வெயிலில் அது வெளுக்காமல் வேறென்ன செய்யும்? ஃப்ரேம் அலுமினியமாகவோ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாகவோ இருக்க வேண்டும், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ்.

பூச்சு வேண்டாம் என்று சொன்னவரைப் பற்றி எனக்கும் கோபம்தான். பேனல் மழையைத் தடுக்கும் முதல் தடுப்பு, பூசிய சுவர் இரண்டாவது. இரண்டாவது இல்லாமல் முதலாவதை நம்பி நான் ஒரு வீட்டிலும் வேலை எடுத்ததில்லை.

ஆனால் சூடு குறையும் என்பது பொய்யில்லை. பேனலுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை அங்குலம் காலி விட்டு, கீழேயும் மேலேயும் திறந்து வைக்க வேண்டும். வெயில் பேனலோடு நின்றுவிடும். உள்ளே சூடாகும் காற்று மேலே ஏறி வெளியே போகும், கீழிருந்து புதுக் காற்று வரும். சுவருக்கு அது நிழல். அழகுக்காக மேல் வாயை அடைத்துவிட்டால் அதே இடைவெளி அடுப்பாகிவிடும். நம் பக்கம் நடக்கும் தப்பு இதுதான்.

குடியாத்தம்_செங்கல்

தம்பி, நான் சைட் எஞ்சினியர், அப்பா காலத்தில் எங்களுக்குச் செங்கல் சூளை இருந்தது. செங்கல் பக்கம் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேனல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் வீட்டின் எலும்புக்கூடு மரச்சட்டம். அதன் மேல் பலகை அடித்து, ஈரம் புகாத ஒரு படலம் சுற்றி, அதற்கு மேல் சைடிங் போடுகிறார்கள். மழையும் பனியும் மரத்தைத் தொடக்கூடாது என்பதற்காக அது. அங்கே சைடிங் இல்லாவிட்டால் வீட்டுக்குத் தோலே இல்லை. உங்களுடையது 9 அங்குலச் செங்கல் சுவர். அதுவே தோல், அதுவே எலும்பு. ஒரு முக்கால் அங்குலம் நல்ல பூச்சும் நீர்ச்சுண்ணாம்போ வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷனோ அடித்தால் மழையை அது தாங்கும்.

இப்போது வெயிலுக்கு வருவோம். உங்கள் முகப்பு கிழக்கு. காலை வெயில் விழுவது உண்மைதான், ஆனால் அது இரவு முழுக்க ஆறிய சுவர் மேல் விழுகிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சிப்பொழுதில் நேர் தலைக்கு மேலே நிற்கும், மே முழுவதும் சற்று வடக்கே சாய்ந்து, கிட்டத்தட்ட தலைக்கு மேலேயேதான். அந்த வெயில் முழுக்க மொட்டை மாடியில் விழுகிறது. அதற்கு அப்புறம் இரண்டு மணி தொடங்கி ஆறு வரைக்கும் மேற்குச் சுவர். ஏற்கெனவே கொதித்துப் போன வீட்டுக்கு அது இரண்டாவது அடி. செங்கல் அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது, பிடித்து வைத்து ராத்திரி நாம் படுக்கும் நேரத்துக்கு விடும். கிழக்கு முகப்பில் போடும் ஏசிபி இந்த இரண்டில் எதைத் தடுக்கும்? தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும் பக்கத்தில் பணம் கொட்டுகிறீர்கள், உங்களைச் சுடும் பக்கம் வெறுமனே நிற்கிறது.

நெருப்பையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு 2017 ஜூனில் எரிந்தது, 72 பேர் இறந்தார்கள். நெருப்பு அவ்வளவு வேகமாக ஏறியதற்கு வெளியே ஒட்டியிருந்த பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட ஏசிபிதான் முக்கியக் காரணம் என்று விசாரணையில் வந்தது. நம் ஊரில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் அதே வகைதான் வரும்.

ராணிப்பேட்டை_ஃப்ரேம்

அக்கா, அது 24 மாடி. இது மாடிப்படி இறங்கினால் வாசல். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர அடி 5 கிலோ, ஏசிபி அரை கிலோ. கல் ஒட்டிய எத்தனை முகப்பில் கல் கழன்று விழுவதைப் பார்த்திருக்கிறோம்! 2021 நவம்பரில் நம் பக்கம் நிலம் அதிர்ந்தது நினைவிருக்கும், சின்ன அதிர்வுதான். அன்றைக்கு வாசல் மேல் ஒட்டிய கல்லை நினைத்துப் பயந்து எனக்கு போன் செய்தவர்கள் உண்டு.

குடியாத்தம்_செங்கல்

நான் கல் ஒட்டச் சொல்லவில்லையே. 24 மாடியோ 2 மாடியோ, நம் வீடுகளில் கரண்ட் மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது? முகப்பில், போர்ட்டிகோ சுவரில். படம் அழகாக வர வேண்டும் என்று அதைச் சுற்றியே ஏசிபி போடுகிறார்கள். பொறி பறக்கும் இடத்தில் பிளாஸ்டிக். வெளியே ஓடிவர இருக்கும் ஒரே வாசலும் அதன் கீழேதான்.

ராணிப்பேட்டை_ஃப்ரேம்

அந்த இடத்தில் ஏசிபி கூடாது, ஒத்துக்கொள்கிறேன். மீட்டர் பெட்டியைச் சுற்றி இரண்டு அடிக்கு வெறும் பூச்சு விட்டுவிட வேண்டும். வீடு முழுவதற்கும் என்றால் ஃபைபர் சிமென்ட் போர்டு இருக்கிறது. சிமென்ட், சிலிக்கா, மரநார் சேர்த்து அழுத்திச் செய்தது, எரியாது, கரையானும் தொடாது. ஐஎஸ் 14862 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா, ஆஸ்பெஸ்டாஸ் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். வெளியே 8 அல்லது 10 மில்லிமீட்டர்.

ஆற்காடு_மாடிவீடு

நான் இந்த போர்டு போட்டவன். மாடி முகப்பில் பலகை பலகையாக ஒன்றின் மேல் ஒன்று படியும்படி. நாலு வருடமாகிறது, ஒரு விரிசல் இல்லை. ஆனால் வெட்டிய ஓரமெல்லாம் சீலர் அடித்தேன், பின்பக்கமும் அடித்தேன். அதைச் செய்யாவிட்டால் ஓரம் தண்ணீர் குடித்து உப்பும். வெட்டும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. வேலை செய்த பையன்களுக்கு நானே நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்து, தண்ணீர் விட்டு வெட்டச் சொன்னேன்.

இன்னொன்று. அக்கா ‘தெருவில் போகிறவர்கள்’ என்று எழுதியது எனக்குக் கொஞ்சம் வருத்தம். வாழ்க்கையில் ஒரு வீடு கட்டுகிறோம். சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது தெருமுனையிலிருந்தே அது தெரிகிறது. என் அம்மா வாசலில் உட்கார்ந்து அந்தப் பலகை வரிசையைக் காட்டி வருகிறவர்களிடம் பேசுவார். அழகுக்குக் கொடுத்த பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை.

குடியாத்தம்_செங்கல்

வருத்தப்பட வைத்ததற்கு மன்னியுங்கள். அழகு வேண்டாம் என்பதில்லை. அழகைச் சூட்டுக் கணக்கில் எழுதி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

காட்பாடி_புதுவீடு

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. மேற்குச் சுவர் என்றதும் சுருக்கென்றது. மாடியில் மேற்குப் பக்கம்தான் அப்பா அம்மாவின் அறை. 12 அடி அகலம், 10 அடி உயரச் சுவர், ஜன்னல் இல்லை. போன வாரம் இரவு ஒன்பதரைக்கு சைட்டுக்குப் போனபோது உள்ளே கையை வைத்தேன், வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டது போல இருந்தது. முகப்புக்கு பதில் அந்தச் சுவருக்கு பேனல் போடலாமா? பிவிசி பேனல் மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகுமா?

ராணிப்பேட்டை_ஃப்ரேம்

பிவிசி வேண்டவே வேண்டாம். வெயிலில் 8 அடித் துண்டு 6 மில்லிமீட்டர் வரைக்கும் நீளும், இரவில் சுருங்கும். நீள்துளையில் தளர்வாக ஆணி அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இறுக்கி அடித்தால் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அடர் நிறமானால் நம் மே மாத வெயிலில் இளகவே ஆரம்பித்துவிடும்.

உங்கள் சுவருக்கு 8க்கு 4 அடி சிமென்ட் போர்டு நாலு போதும். மூன்றை நிமிர்த்தி வைத்து, நாலாவதை 2 அடித் துண்டாக வெட்டி மேலே வைத்தால் 12க்கு 10 சரியாக மூடும்.

குடியாத்தம்_செங்கல்

ஒரு கேள்வி. மேற்கே பக்கத்து மனையில் என்ன இருக்கிறது?

காட்பாடி_புதுவீடு

இப்போது காலி மனை. நடுவில் எங்கள் பக்கம் மூன்று அடி சந்து.

குடியாத்தம்_செங்கல்

அப்படியென்றால் நாளைக்கு அங்கே ஒரு மாடி வீடு வரும். வந்ததும் அந்த வீடே உங்கள் மேற்குச் சுவருக்கு நிழல். பிறகு அந்த பேனலுக்கு வேலை இல்லை, மூன்று அடி சந்தில் ஏணி வைத்து அதைப் பராமரிக்கவும் முடியாது. சுவர் எழும்பும் முன் கேட்டிருந்தால் மேற்குச் சுவரை மட்டும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் கட்டச் சொல்லியிருப்பேன். செங்கலைக் குத்துக்கல்லாக வைத்து நடுவே காலி விடும் கட்டு. செங்கலும் கால்வாசி மிச்சம். இப்போது அது முடியாது. வெள்ளை அடித்து விடுங்கள், அந்தப் பணத்தை மொட்டை மாடிக்குப் போடுங்கள். சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து இடித்துப் போட்டு மேலே தட்டோடு பதிக்கும் ஆட்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை_ஃப்ரேம்

மாடிக்குப் போடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் காலி மனையில் வீடு எப்போது வரும்? நாலு வருடமோ பத்து வருடமோ. அதுவரைக்கும் அந்த அறையில் படுக்கப் போவது வயதான இரண்டு பேர். பேனல் ஸ்க்ரூவில் நிற்பது. பக்கத்தில் வீடு எழும்பும்போது கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம். பூச்சை அப்படிக் கழற்ற முடியுமா? நீங்கள் சொன்ன எலிப்பொறிக் கட்டும் காற்று இடைவெளிதானே அக்கா. அங்கே காற்று சுவருக்குள் அடைபட்டு நிற்கிறது, இங்கே ஓடுகிறது.

குடியாத்தம்_செங்கல்

காற்று இடைவெளியை நான் மறுக்கவே இல்லை. அப்பா அம்மா அறை என்பதால் சொல்கிறேன், போடுவதானால் போடுங்கள். ஆனால் மொட்டை மாடி வேலை முடிந்த பிறகு.

பாகாயம்_ஓய்வு

போடுவதாக இருந்தால் நான் பட்டதை வைத்து இரண்டு விஷயம். கீழேயும் மேலேயும் விடும் வாயில் ஸ்டெயின்லெஸ் வலை அடியுங்கள், என் வீட்டில் உள்ளே குளவிக் கூடும் பல்லியும் புறா முட்டையும் இருந்தன. அப்புறம், ஆள் கணக்கு முடித்துப் பணம் வாங்கும் முன் அரை மணி நேரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். உள்ளே போன தண்ணீர் கீழ் வாய் வழியாக வெளியே வர வேண்டும்.

காட்பாடி_புதுவீடு

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முகப்புக்கு ஏசிபி இல்லை என்று முடிவு செய்துவிட்டோம், பூச்சும் வெள்ளையும்தான். வாசல் மேல் மட்டும் ஆற்காட்டு அண்ணன் சொன்ன சிமென்ட் பலகை நாலு வரிசை, அது அம்மாவின் ஆசை. மேற்குச் சுவருக்கு முதலில் பூச்சு, பிறகு போர்டு. என்ன நிறம் அடிப்பது?

ராணிப்பேட்டை_ஃப்ரேம்

வெள்ளை, இல்லாவிட்டால் சந்தன நிறம். படத்தில் இருந்த அடர் சாம்பல் மேற்கே கூடாது. ஷீட்டுக்கு ஷீட் 4 மில்லிமீட்டர் சந்து விடச் சொல்லுங்கள், ஸ்க்ரூவை ஓரத்தில் ஒட்டி அடிக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி அடிக்கட்டும். வேலை நடக்கும் அன்று ராணிப்பேட்டையிலிருந்து வந்து பார்க்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

குடியாத்தம்_செங்கல்

போர்டு வாங்கும் முன் இன்று இரவு பத்து மணிக்கு அந்த அறைக்குப் போங்கள். ஒரு கையால் மேற்குச் சுவரைத் தொடுங்கள், ஸ்டூல் போட்டு ஏறி இன்னொரு கையால் கூரையைத் தொடுங்கள். எது அதிகம் சுடுகிறது என்று இங்கே எழுதுங்கள். எந்த வேலை முதலில் என்பதை அதை வைத்துப் பேசுவோம்.