புதுசா கனடா வந்த வன்னிப் பிள்ளையளுக்கு: வீடு, வருத்தம், காசு, நித்திரை

கிளிநொச்சி, விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கத்தால அண்மையில வந்த பிள்ளையள் கனபேர் ஒரே கேள்வியைத்தான் கேக்கிறியள், அக்கா, அம்மா அப்பா அங்க தனிய, எனக்கு இஞ்ச இரவில நித்திரையே இல்லை, என்ன செய்யிறது எண்டு. தனித்தனிய எழுத நேரம் காணாது, அதால எல்லாத்தையும் இதிலயே போடுறன், ஆறுதலா வாசியுங்கோ. எனக்குச் சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரம், இப்ப ஸ்காபரோவில இருக்கிறன், அம்மாவும் சின்னம்மாவும் இன்னும் ஊரிலதான்.

வீட்டோட முதல் வேலையா ஒரு பேச்சு வைச்சுக்கொள்ளுங்கோ, ரெண்டு பக்கமும் ஒண்டையும் ஒளிக்கிறேல்லை எண்டு. எங்கட சனத்திட்ட இருக்கிற பழக்கம் தெரியும்தானே, அப்பாவுக்குக் காய்ச்சல் எண்டால் "பெடியன் அங்க தனிய, யோசிப்பான், சொல்லாதேங்கோ" எண்டுவினம், பெடியனை வேலையால நிப்பாட்டினாலும் அவன் "எல்லாம் நல்லாப் போகுதம்மா" எண்டுவான். அன்பிலதான் செய்யிறது. ஆனா ஒருநாள் அது தெரிய வந்திட்டால், பேந்து அம்மா உண்மையாவே சுகமா இருக்கிறன் எண்டு சொன்னாலும் நம்ப ஏலாது, குரலில இருமல் கேக்குதோ எண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருப்பியள், அதுதான் நித்திரையைக் கெடுக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்கு காரணம் இருக்கு. 2006 ஓகஸ்ட்டில வன்னிக்குப் போற ஏ9 பாதை பூட்டினதில இருந்து 2009 மட்டும், ஆர் எங்க இருக்கினம், இருக்கினமோ இல்லையோ எண்டு தெரியாமலே காலத்தைக் கழிச்ச சனம் நாங்கள். சண்டை முடிஞ்ச பிறகு வவுனியா மெனிக் பாம் முகாமில வேலிக்குப் பக்கத்தில நிண்டு பேர் சொல்லித் தேடினவை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரி தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தை வைச்சுக்கொண்டு அம்மாமார் போராட்டம் இருக்கினம். அப்பிடி ஒரு இடத்தில சீவிக்கிற தாய்க்கு, ரெண்டு நாள் கோல் வராட்டி பிள்ளை பிஸியாக்கும் எண்டு நினைக்க மனம் விடாது. போன் எடுக்காமல் விடுறது மற்ற ஊர்க்காரருக்குச் சின்ன விசயமா இருக்கலாம், எங்கட வீடுகளில அது பழைய பயத்தையெல்லாம் எழுப்பிவிடும்.

அதால நேரம் குறிச்சுக் கதையுங்கோ. மார்ச்சில இருந்து நவம்பர் மட்டும் ரொறொன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், இஞ்ச காலமை 7 மணி எண்டால் அங்க பின்னேரம் நாலரை, வெயில் தணிஞ்சு தேத்தண்ணி குடிக்கிற நேரம், அதுதான் நல்ல நேரம். நவம்பரில இஞ்ச மணிக்கூட்டை மாத்துவினம், பிறகு பத்தரை மணித்தியாலம், அதை முதலே வீட்டில சொல்லி வையுங்கோ, இல்லாட்டி அந்த முதல் நாள் ஒரு மணித்தியாலம் பதறிப்போய் இருப்பினம். வேலைக்கு ஓடேக்க கதைக்க ஏலாட்டி ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்கோ. உள்ளுக்க கவரேஜ் இல்லாமல் முத்தத்து வேப்பமரத்தடிக்கு வந்துதான் கதைக்கிற வீடுகள் எங்கட பக்கம் கனக்க, வொய்ஸ் எண்டால் கவரேஜ் வரேக்க தன்ரபாட்டில வந்து விழும், திருப்பித் திருப்பியும் கேப்பினம்.

செய்தி பாக்கிறதைப் பற்றி. 2021 ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்கு ஊரில போட்ட கொரோனா ஊரடங்கை நீட்டிக்கொண்டுதான் போனவை, டெல்ரா எண்ட கொரோனா வகை வேகமாப் பரவினது, அது உண்மை. ஆனா நடுச்சாமத்தில கட்டிலில படுத்துக்கொண்டு பேஸ்புக்கில மரண அறிவித்தலாத் தள்ளிக்கொண்டு போறதால அம்மாவுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஊரில நிதானமான ஒரு ஆளைப் பிடியுங்கோ, ஜி.எஸ் (கிராம அலுவலர்) ஆக இருக்கலாம், பக்கத்து வீட்டு ரீச்சரா இருக்கலாம், எங்கட குறிச்சியில என்ன நிலைமை எண்டு அவரிட்ட மட்டும் கேளுங்கோ. 2021 மே மாசம் முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை பொலிஸ் பிரிவுகளை முடக்கினவை, அந்த நேரம் இஞ்ச வந்த வட்சப் கதையளில பாதிக்கு மேல பொய். 2020 கடைசியில கேகாலைப் பக்கம் ஒரு பாணி குடிச்சால் கொரோனா வராது எண்டு சனம் முண்டியடிச்சது ஞாபகம் இருக்கும். மல்லி, இஞ்சி அவிச்சுக் குடிக்கட்டும், தொண்டைக்கு இதம். ஆனா அதை நம்பி ஊசி போடாமல் இருக்க விடாதேங்கோ.

இனி மருந்து. இதில நீங்கள் இஞ்ச இருந்தே செய்யக்கூடிய வேலை கிடக்கு. அம்மா அப்பாவின்ர கிளினிக் கொப்பியை பக்கம் பக்கமா படம் எடுத்து அனுப்பச் சொல்லி உங்கட போனில வைச்சுக்கொள்ளுங்கோ. பிரஷர் குளிசை எத்தினை நாளைக்குக் கிடக்கு, அடுத்த கிளினிக் திகதி என்ன எண்டு உங்களுக்கும் தெரியவேணும். 2020 முதல் ஊரடங்கு நேரம் கிளினிக் மருந்தைத் தபாலில வீட்டுக்கே அனுப்பினவை, இப்ப உங்கட ஆஸ்பத்திரியில என்ன ஒழுங்கு எண்டு மருந்து முடியிறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே கேட்டு வைக்கச் சொல்லுங்கோ.

ஒக்சிமீற்றர், அதாவது விரலில மாட்டி உடம்பில ஒக்சிசன் எவ்வளவு எண்டு பாக்கிற கருவி ஒண்டு வாங்கிக் குடுக்கலாம், ஆனா வாசிக்கப் பழக்கவேணும். வீடியோ கோலில வைச்சுக் காட்டுங்கோ: கையைத் தேய்ச்சுச் சூடாக்கி, நகப்பூச்சோ மருதோண்டியோ இல்லாத விரலை உள்ளுக்க விட்டு, அசையாமல் கொஞ்ச நேரம் இருந்து, இலக்கம் ஆடாமல் நிண்ட பிறகு பாக்கிறது. ரெண்டு இலக்கம் வரும், ஒண்டு ஒக்சிசன், மற்றது நாடித்துடிப்பு. அம்மாமார் நாடித்துடிப்பைப் பாத்து "78 தம்பி" எண்டு சொல்லுவினம், இஞ்ச இருக்கிறவனுக்கு ஈரக்குலை நடுங்கும். ஒக்சிசன் எது எண்டு பக்கத்தில ஒரு சின்னப் பொட்டு வைச்சுவிடச் சொல்லுங்கோ. 94க்குக் கீழ போனாலோ மூச்செடுக்கக் கஸ்ரப்பட்டாலோ 1990க்கு அடிக்கிறது, அந்த அம்புலன்சுக்குக் காசில்லை.  அந்த இலக்கத்தைப் பெரிசா எழுதி சாமிப்படத்துக்குப் பக்கத்தில ஒட்டச் சொல்லுங்கோ. இரவில ஓட்டோ வைச்சிருக்கிற ஆர் வருவினம் எண்டும் முதலே கதைச்சு வையுங்கோ.

உங்கட பக்கத்துக்கு வாறன். 2021இல அங்க கூடுதலா சைனோபாம் எண்ட சீனக் கொரோனா ஊசிதானே போட்டது, அதை அந்த செப்டெம்பரில கனடா ஏற்கேல்லை, பைசர், மொடேர்னா, அஸ்ராசெனிகா, ஜோன்சன் மட்டும்தான். அதால அந்த நேரம் சைனோபாம் ரெண்டும் போட்டு வந்தவையும் 14 நாள் தனிமையில இருக்கவேண்டி இருந்தது, இறங்கின உடன ஒரு ரெஸ்ற், எட்டாம் நாள் ஒரு ரெஸ்ற், இப்ப அந்தச் சட்டம் இல்லை. எண்டாலும் பேஸ்மென்ற் ரூமில நாலுபேரோட பாத்ரூம் பங்குபோடுற இடமெண்டால், வருத்தம் வந்தால் என்ன செய்யிறது எண்டு வாறதுக்கு முதலே அந்த வீட்டுக்காரரோட கதைச்சு ஒழுங்கு பண்ணுங்கோ. ஒன்ராறியோவில 2021 செப்டெம்பர் 22ஆம் திகதியில இருந்து 2022 மார்ச் மட்டும் ரெஸ்ரோரண்டுக்குள்ள இருந்து சாப்பிடவே ஊசி போட்ட அத்தாட்சி கேட்டவை, உங்களுக்கு இன்னொரு ஊசி தேவையோ எண்டு பப்ளிக் ஹெல்த்தில கேளுங்கோ, ஓஹிப் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) காட் இல்லாட்டியும் போடுவினம்.

வருத்தம் வந்தால் காசு கேப்பினம் எண்டு பயந்து ரூமுக்குள்ள படுத்துக் கிடக்காதேங்கோ. ஓஹிப்புக்கு இருந்த 3 மாசக் காத்திருப்பை 2020 மார்ச்சில எடுத்திட்டினம், காட் இல்லாத ஆக்களையும் ஒன்ராறியோ ஆஸ்பத்திரியளில 2023 மார்ச் மட்டும் காசில்லாமல் பாத்தவை, இப்ப அந்த ஒழுங்கு இல்லை. அகதிக் கோரிக்கை போட்ட ஆக்களுக்கு பெடரல் மருத்துவத் திட்டம் இருக்கு, ஸ்ருடன்ற் எண்டால் உங்கட இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து வாசியுங்கோ. ஏஜென்சியால வெயார்ஹவுஸ் வேலைக்குப் போனவைக்கும், கொவிட்டால வேலைக்குப் போக ஏலாட்டி 3 நாள் சம்பளத்தோட லீவு, ஒரு நாளுக்கு 200 டொலர் வரைக்கும், 2021 தொடக்கம் 2023 மார்ச் மட்டும் இருந்தது, இப்ப அது இல்லை. இருமிக்கொண்டு வேலைக்குப் போய் மற்றப் பிள்ளையளுக்கும் குடுக்காதேங்கோ.

காசு அனுப்பிறது: முதல் சம்பளத்தை முழுசா அனுப்பாதேங்கோ, ரெண்டு மாச வாடகை கையில நிக்கவேணும். ஊரடங்கு நேரம் அம்மாவின்ர பாங்கில காசு கிடந்தும் டவுணுக்குப் போக ஏலாட்டிப் பிரயோசனமில்லை, அதால சங்கக்கடையிலயோ பக்கத்துக் கடையிலயோ சொல்லி வைச்சு அரிசி, பருப்பு, மாவை முதலே எடுத்துப் போடச் சொல்லுங்கோ. 2021இல பால்மாவுக்குச் சரியான தட்டுப்பாடு வந்தது, அப்பிடி வந்தால் ஊரில மாடு வைச்சிருக்கிற ஆக்களிட்ட பாலுக்கு ஒழுங்கு பண்ணுறது சுகம்.

இதைச் சொல்ல மனம் வரேல்லை, ஆனா சொல்லத்தான் வேணும். வீட்டில ஒரு இழவு நடந்தால் உடன போய்ச் சேர ஏலாமல் போகலாம், 2021இல கொவிட் எண்டால் உடம்பு வீட்டுக்கே வரேல்லை. கொள்ளி ஆர் வைக்கிறது, எட்டு, அந்தியேட்டி ஆர் பொறுப்பு எண்டு சகோதரங்களுக்குள்ள முன்னமே மெதுவாக் கதைச்சு வையுங்கோ, அபசகுனம் எண்டு தள்ளாதேங்கோ, அந்த நேரம் போனில சண்டை பிடிக்கிற குடும்பங்களைக் கண்டிருக்கிறன். தாய் தகப்பன் செத்தால் ஒன்ராறியோ சட்டப்படி ரெண்டு நாள் சம்பளமில்லாத லீவு எடுக்கலாம், வேலைக்குச் சேந்து ரெண்டு கிழமை ஆகியிருந்தால் சரி. அண்டைக்குத் தனிய மட்டும் இருக்காதேங்கோ, ஊராக்கள் ஆருக்கெண்டாலும் கோல் எடுங்கோ, வாசலில எண்டாலும் வந்து நிப்பினம், சோறு கொண்டு வருவினம். மனம் தாங்க ஏலாமல் போகுதெண்டால் 211 எண்ட ஒன்ராறியோ உதவித் தகவல் இலக்கத்துக்கு அடிச்சுத் தமிழ் எண்டு சொல்லுங்கோ, மொழிபெயர்க்கிற ஆளை எடுத்துத் தருவினம். இதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

அம்மாவிட்ட ஸ்மார்ட் போன் இல்லை, ஒக்சிமீற்றரை இஞ்சயிருந்து அனுப்பலாமோ எண்டு கேட்ட புதுக்குடியிருப்புத் தம்பிக்கு: அம்மாவிட்ட பட்டன் போன்தான் எண்டால் பறவாயில்லை, நேரடிக் கோலுக்கு இன்ரர்நஷனல் பிளான் ஒண்டு போடுங்கோ, கிழமையில ஒருக்கா முகம் பாக்க பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ரீலோட் போட்டுவிட்டால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முத்தத்தில வந்து நிண்டு காட்டுவான். ஒக்சிமீற்றரை இஞ்சயிருந்து பார்சல் போடவேண்டாம், எப்ப போய்ச் சேருமெண்டு தெரியாது, கிளிநொச்சி டவுண் பாமசியளில முதல் விசாரிக்கச் சொல்லுங்கோ.