அப்பாவின் நினைவுமலரில் அன்னபூரணிக் கப்பலைப் பற்றி எப்படி எழுதுவது?

கேள்வி:
வணக்கம். வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டும் ஓடாவியாக இருந்த எங்கள் அப்பா சென்ற மாதம் காலமானார். அந்தியேட்டிச் சடங்குக்கு முன் நினைவுமலரை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பழைய பாய்க்கப்பல்கள் மீது அவர் வைத்திருந்த பற்றை எழுத உட்கார்ந்தால், எல்லா மலர்களிலும் வருகிற 'அன்பும் பண்பும் நிறைந்தவர்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. இறுதிக் காலத்தில் அவர் திண்ணையில் இருந்தபடி 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலின் சிறு மாதிரி உருவொன்றைச் செய்துகொண்டிருந்தார். அடிமரமான ஏராவும் விலா எலும்பு போன்ற வங்குகளும் முடிந்து, பலகை பாதிவரை ஏறியிருக்கிறது. அதை வேறொருவரைக் கொண்டு முடிப்பதா, அப்படியே வைப்பதா என்பதில் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

மறுமொழி 1:
ஆழ்ந்த அனுதாபங்கள். கப்பலைப் பற்றி எழுதும்போது விவரங்களைச் சரியாகப் போடுங்கள். மலர்களில் பெரும்பாலும் பிழையாகவே வருகின்றன. 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன்தான் அன்னபூரணியை வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என்று மாற்றியவர். கப்பல் தலைவரான தண்டையல் தம்பிப்பிள்ளையும் நம்மூர் மாலுமிகளும் சூயஸ் வழியாகச் சென்று அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் அதைச் சேர்த்தார்கள்.

மறுமொழி 2:
பிள்ளை, உன் அப்பாவோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். ஆண்டுகளை யாரும் எழுதலாம். அவருடைய காதைப் பற்றி எழுது. கரையேற்றிய பழைய வத்தைப் படகொன்றைப் பார்க்க வந்தால், கொட்டாப்புளியால் பலகையை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார். ஒலி மந்தமாகக் கேட்கும் இடத்தில் நின்று, உள்ளே உக்கல் இருக்கிறது என்பார். படகுக்குள் நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்துக்குப் பஞ்சுத் திரியை இடுக்கில் இறுக்கும் வேலையை மட்டும் கடைசிவரை எவரிடமும் விட்டதில்லை; குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சுவதை எங்களுக்கு விட்டுவிடுவார். வங்குக்கு நேர்மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நார் அறுந்து பலம் போய்விடும் என்பதனால், இயல்பாகவே வளைந்த கிளையைத்தான் தேடுவார். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகும் வழியிலும் யாரோ ஒருவருடைய வேலியோரம் நின்று வேப்பங்கிளையைச் சாணால் அளப்பார்; உன் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னே போய்விடுவார்.
உருவை முடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பலகை முழுவதும் ஏறிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு வெளித்தோற்றம்தான் தெரியும். அவர் வங்கு பூட்டிய விதத்தை இப்போதுதான் பார்க்கலாம்.

மறுமொழி 3:
மச்சாள், மாமா செய்த தேங்காய் துருவும் திருவலையை மறந்துவிட்டீர்களா? உடைத்த வத்தையொன்றின் இலுப்பைப் பலகையில் மாமிக்காகச் செய்தது. ஆணி இருந்த இரண்டு ஓட்டைகளையும் மரமுளை அடித்து அடைத்திருந்தார். விரலால் தடவினாலும் பொருத்து தெரியாது. மாமிக்கு முழங்கால் வலி வந்தபோது அதற்கு உயரம் கூட்டிக் கால் வைத்துக் கொடுத்தவரும் அவரே. கப்பலுக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு துளியும் குறைக்காமல் அடுப்படிச் சாமானுக்கும் கொடுத்த மனிதர் என்று எழுதுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. உரு அப்படியே இருக்கட்டும் என்று தம்பியும் ஒத்துக்கொண்டான். மலரின் நடுப்பக்கத்தில் திருவலையின் படத்தைப் போட எண்ணி அம்மாவிடம் கேட்டேன். தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கிறது, கழுவிக் காயவைத்துத் தருகிறேன், நாளைக்கு எடு என்றார்.