35 வாரத்தில் வலி வந்து நின்றுவிட்டது: குழந்தைக்கு ஐசியு தேவைப்படுமா?

போடிக்காரன்:
தங்கைக்கு 35 வாரம், தலைப்பிரசவம். கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கு. முந்தாநாள் ராத்திரி வலி வந்துச்சு, விடியக்காலை நின்னுடுச்சு. கர்ப்பப்பை வாய் திறக்கலைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. "பச்சைக்குழந்தை ஐசியு இருக்கிற இடமாப் பார்த்து வச்சுக்கோங்க"ன்னு டாக்டர் சொன்னாங்க. தேவைப்படுமான்னு இப்பவே சொல்ல முடியாதா? குழந்தையோட நுரையீரல் முதிர்றதுக்கு அம்மாவுக்குப் போடுற ஊசியும் போடல. எட்டாம் மாசக் குழந்தை தங்காதுன்னு அம்மா அழுறாங்க.

இரவுப்பணி:
தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரி பச்சிளங்குழந்தைப் பிரிவுல நர்ஸ். அம்மாவை முதல்ல தேத்துங்க. 35 வாரத்துப் பிள்ளைங்க கிட்டத்தட்ட எல்லாருமே நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க.

உறுதியா யாராலும் சொல்ல முடியாது. இப்படி வலி நின்னவங்க பலருக்கு 37 தாண்டித்தான் பிரசவமே ஆகுது. நான் முதல்ல கேட்கிறது வாரக்கணக்கு. முதல் மூணு மாச ஸ்கேன்படி 35தானா? 34க்கும் 36க்கும் ரொம்ப வித்தியாசம். அடுத்தது தாயோட சர்க்கரை, கட்டுக்குள்ள இருக்கணும். வலியே வராம சிசேரியன்ல எடுத்த குழந்தைக்கு நுரையீரல் நீர் வடியாம மூச்சு வாங்கலாம். பயத்துல நீங்களா "எடுத்துடுங்க"ன்னு கேட்காதீங்க.

ஐசியுன்னா வென்டிலேட்டர்னு நினைக்க வேண்டாம். இந்த வாரத்துப் பிள்ளைங்க பெரும்பாலும் மூச்சு வேகம், சர்க்கரை இறங்குறது, மஞ்சள் காமாலை, பால் இழுக்கத் தெம்பில்லாததுக்குத்தான் வர்றாங்க.

ஊசியை உலக சுகாதார நிறுவனம் 24லிருந்து 34 வாரத்துக்குத்தான் பரிந்துரைக்குது. 2016ல வெளியான அமெரிக்க ஆய்வுல 34 தாண்டிப் போட்டுப் பார்த்தாங்க. மூச்சுத் தொந்தரவு கொஞ்சம் குறைஞ்சது. ஆனா குழந்தைக்குச் சர்க்கரை இறங்குறது 15 சதவீதத்துலருந்து 24 ஆச்சு. உங்க தங்கைக்கு ஏற்கனவே சர்க்கரை இருக்கிறதால டாக்டர் அதையும் யோசிச்சிருப்பாங்க, நேர்லயே கேளுங்க.

இருபிள்ளைத்தாய்:
என் சின்னவன் 36ல பிறந்தான், 2.4 கிலோ. நல்லா அழுதான், என்கிட்டயே கொடுத்துட்டாங்க. ராத்திரி பாலுக்கு எழும்பவே இல்ல. சமத்துப் பிள்ளைன்னாங்க மாமியார். நர்ஸ் குதிகால்ல குத்திப் பார்த்தா சர்க்கரை இறங்கியிருந்தது, உடனே உள்ள தூக்கிட்டுப் போனாங்க. ரெண்டு மூணு மணிக்கொரு தடவை எழுப்பிப் பால் கொடுங்கண்ணா, தூங்கட்டும்னு விடாதீங்க.

போடிக்காரன்:
முதல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன் அக்கா, இன்னைக்கு 34 வாரம் 5 நாள்தான். பக்கத்துல பார்க்கிற ஆஸ்பத்திரில குழந்தை ஐசியு இல்ல. தேனி க.விலக்கு அரசு மெடிக்கல் காலேஜுக்குப் போயிடலாமா?

இரவுப்பணி:
போங்க. பிறந்த குழந்தையைத் தூக்கிட்டு 108ல ஓடுறதை விட, வயித்துல இருக்கும்போதே அங்க போய்ச் சேர்றது எவ்வளவோ மேல். அரசுப் பிரிவுல குழந்தை வைத்தியத்துக்குக் காசும் கிடையாது. இந்த வாரமே ஒரு தடவை அங்க காட்டிப் பதிஞ்சு வைங்க. முதல் ஸ்கேனும் சர்க்கரை ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும். பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைஞ்சாலோ வலிக்காகக் காத்திருக்காம கிளம்பிடுங்க.