குளத்து மண் கோர்: நடு டேற் தலைகீழா வந்திருக்கு, ஜேர்னல் திருப்பி அனுப்பிப்போட்டுது, என்ன செய்யலாம்?

நெடுங்கேணிப்பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். ஆராவது ஒரு வழி சொல்லுங்கோ, மூண்டு நாளா நித்திரை இல்லை. வன்னியில நெடுங்கேணிப் பக்கம் ஒரு சின்னக் குளத்தில எடுத்த மண் கோரை, அதாவது பைப் இறக்கி அடுக்குக் குலையாமல் எடுத்த மண் தூணை, வச்சுத்தான் என்ர ஆய்வு, ஆயிரம் வருசத்துக்கு மேல இந்தப் பக்கத்தில மழை, காடு, வயல் எல்லாம் எப்பிடி மாறினதெண்டு மகரந்தம் எண்ணிப் பாக்கிறது. 2022 ஆவணியில குளம் வத்திக் கிடக்கேக்க பிவிசி பைப்பைச் சுத்தியலால அடிச்சு இறக்கி, பேந்து நாலு பேர் கயிறு கட்டி இழுத்து வெளிய எடுத்தனாங்கள். 138 சென்ரிமீற்றர் மண் வந்தது.

காபன் டேற், அதாவது காபனை வச்சு வயசு பாக்கிறது, மூண்டுதான் செய்ய ஏலுமாயிருந்தது, ஒரு சாம்பிளுக்கே நூற்றுக்கணக்கான டொலர், அதுவும் வெளிநாட்டு லப்புக்கு அனுப்பித்தான். 38 சென்ரிமீற்றரில கரித்துண்டு 410 பிபி (பிபி எண்டா இத்தினை வருசத்துக்கு முந்தி எண்டு), 71இல சேறு 2260 பிபி, 118இல விதைக்கோது 1340 பிபி. மூண்டுக்கும் கூடக்குறைய 30 வருசம். பாத்தீங்களெண்டா விளங்கும், நடுவில இருக்கிறது அடியில இருக்கிறதை விட 900 வருசம் பழசா வருது!

கட்டுரையை எழுதி ஒரு ஜேர்னலுக்கு அனுப்பினனான், பதினொரு நாளில ரிவியூவுக்குப் போகாமலே திரும்பி வந்திட்டுது. எடிட்டர் எழுதினது இவ்வளவுதான், காலக்கணிப்பு நம்பக்கூடிய மாதிரி இல்லை, டேட்டாவை எங்க வச்சிருக்கிறியள் எண்டு சொல்லேல்லை, விஷயம் உள்ளூருக்கு மட்டும் உரியது. அந்தக் கடைசி வரியைத்தான் தாங்கேலாமல் கிடக்கு.

கூடப் படிச்ச ஒராள் சொல்லுறா நடு டேற்றை எடுத்துவிடு, மிச்ச ரெண்டுக்கும் நேர்கோடு போட்டா வடிவா வரும், ஆருக்குத் தெரியப்போகுது எண்டு. எனக்கு மனம் கேக்கேல்லை. ஆனா வச்சிருந்தா ஆர் எடுப்பினம்? மற்றது, ஏன் ஒரு கோர் மட்டும் எண்டு கட்டாயம் கேப்பினம். குளத்தின்ர கிழக்குப் பக்கத்தில மண்டையோடு போட்ட சிவப்புப் போர்ட் அப்ப நிண்டது, மிதிவெடி எடுத்து முடியேல்லை, அதால அங்கால கால் வைக்கேலாது. இதையெல்லாம் சயன்ஸ் கட்டுரையில எழுதலாமோ? அடுத்ததா ரெண்டு ஜேர்னலுக்கு ஒரேநேரத்தில அனுப்பிப் பாக்கட்டோ எண்டும் யோசிக்கிறன்.

சோழகம்:
தங்கச்சி, முதல்ல ஒண்டு, நடு டேற்றை எடுக்காதேங்கோ. லப்பின்ர கணக்கில அந்த நம்பர் இருக்கு, உங்கட சுப்பர்வைசருக்குத் தெரியும், நாளைக்கு இன்னொராள் அதே குளத்தில கோர் எடுத்தா வெளிய வரும். அதை விடுவம், அந்த டேற் பிழையான டேற்றே இல்லை, லப் சேற்றில இருந்த காபனுக்குச் சரியா வயசு சொல்லியிருக்கு, ஆனா அந்தக் காபன் எப்ப குளத்துக்கு வந்து சேந்ததெண்டது வேற கேள்வி. நீங்கள் 71இல குடுத்தது மொத்தச் சேறு. குளத்துச் சேற்றில இருக்கிற காபன் முழுக்க அந்த வருசம் குளத்தில வளந்த பாசியும் தாமரையும் இல்லை, மேல காட்டில நூற்றாண்டுக்கணக்காக் கிடந்த மண்ணும் மழையோட வந்து சேரும். அதாலதான் மொத்தச் சேறு எப்பவும் பழசாக் காட்டப் பாக்கும். யாழ்ப்பாணம் எண்டா சுண்ணாம்புக்கல்லையும் சந்தேகப்படலாம், தண்ணியில கரைஞ்ச பழைய காபனாலயும் உப்பிடி வரும், ஆனா நெடுங்கேணியில அடியில கிடக்கிறது பழைய கருங்கல் பாறை, அதால முதல் சந்தேகம் கரைஞ்சு வந்த மண்ணிலதான்.

38இல இருக்கிற கரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதேங்கோ. பாலை மரம் எரிஞ்ச கரியெண்டா மரத்தின்ர நடு வைரம் எரியிற நேரத்திலயே நூறு இருநூறு வயசாக் கூட இருந்திருக்கும். மூண்டுக்குள்ள எனக்கு நம்பிக்கையானது அடியில இருக்கிற விதைக்கோது, அது ஒரு வருசத்தில விளைஞ்ச சாமான்.

இன்னொண்டு, பைப் எவ்வளவு தூரம் உள்ளுக்குப் போனது?

நெடுங்கேணிப்பிள்ளை:
நன்றி அண்ணை. நோட்புக்கை எடுத்துப் பாத்தனான், பைப் 160 போனது, மண் 138 தான். அந்த 22 மண் அடியில கழண்டு விழுந்திருக்கும் எண்டு நினைச்சு எழுதாமல் விட்டனான்.

சோழகம்:
விழுந்திருக்கவும் கூடும், ஆனா அடிச்சு இறக்கின பைப்பெண்டா மண் நெருங்கியிருக்கும், மேல இருக்கிற இளகின சேறுதான் கூட நெருங்கும். ரெண்டு நம்பரையும் அப்பிடியே எழுதுங்கோ, எந்த ஆழத்தை எப்பிடித் திருத்தினனீங்கள் எண்டும் எழுதுங்கோ. திருத்தாட்டி திருத்தேல்லை எண்டு எழுதுங்கோ.

டேற் ரேபிளில லப் குடுத்த கோட் நம்பர், என்ன சாமானுக்கு டேற் செய்தது, லப் குடுத்த திருத்தாத வயசு, நாட்காட்டி வருசத்துக்குத் திருத்தின வயசின்ர 95 வீத எல்லை, அப்பிடித் திருத்த எந்த வளைவு, எந்த சொப்ட்வெயர், அதின்ர எத்தினையாம் வேர்சன், இவ்வளவும் இருக்கோணும். லப் கோட் இல்லாத டேற்றைக் கன எடிட்டர்மார் டேற்றாவே எடுக்கிறேல்லை. நீங்கள் என்ன வளைவு பாவிச்சனீங்கள்?

நெடுங்கேணிப்பிள்ளை:
இன்ற்கால்20. ஆனா ஒரு பிழை இப்பதான் கண்ணில படுது, டிஸ்கஷனில "இண்டைக்கு 1270 வருசத்துக்கு முன்னம்" எண்டெல்லாம் எழுதியிருக்கிறன், அதை 2022இல இருந்து கழிச்சுக் கணக்குப் பாத்திருக்கிறன்.

சோழகம்:
அதைத்தான் பயந்தனான். பிபி எண்டா 1950இல இருந்து பின்னுக்கு எண்ணுறது, எந்த வருசம் கோர் எடுத்தாலும் அதுதான். 72 வருசம் பிழைச்சுப் போகும். உங்கட கதை சோழர் காலம், அதுக்கு முந்தினது பிந்தினது எண்டெல்லாம் போகுதெண்டா அந்த 72 வருசம் சின்ன விஷயமில்லை. எல்லாத்தையும் கி.பி.க்கு மாத்தி எழுதினா வாசிக்கிற ஆக்களுக்கும் சுகம்.

ஆழத்தை வயசா மாத்திற மொடலை ரெண்டு விதமா ஓட்டுங்கோ, மூண்டு டேற்றும் போட்டு ஒருக்கா, நடுவிலதை விட்டு ஒருக்கா. ரெண்டு படத்தையும் காட்டி எதை ஏன் எடுத்தனீங்கள் எண்டு காரணம் எழுதுங்கோ. ஒளிச்சு எடுத்தாத்தான் பிழை, சொல்லி விட்டா அது விஞ்ஞானம். ஏலுமெண்டா 71க்கு மேலயும் கீழயும் சேற்றை அரிச்சு ஒரு விதை, ஒரு இலைத்துண்டு தேடிப்பாருங்கோ. இன்னும் ஒரே ஒரு டேற் கிடைச்சாலும் நீங்கள் எழுதப்போற பத்துப் பக்க விளக்கத்தை விடப் பெறுமதி.

துருசடி:
பிள்ளை, நான் படிச்ச ஆள் இல்லை, நீர்ப்பாசனத்தில 31 வருசம் ஓவசியரா நிண்டனான். மகன் காட்டினவன், அதால எழுதுறன். உந்தக் கோரை குளத்தில எந்த இடத்தில எடுத்தனீங்கள்? குளக்கட்டில இருந்து எவ்வளவு தூரம்? 71இல மண் என்ன நிறம், கையில உரஞ்சினா எப்பிடி இருக்கு?

நெடுங்கேணிப்பிள்ளை:
ஐயா, துருசில (தண்ணி திறந்து விடுற மதகில) இருந்து ஒரு நாப்பது அடி வைச்சு. குளத்தில ஆகப் பள்ளமான இடம் எண்டு அதை எடுத்தனாங்கள். 66 தொடக்கம் 74 வரைக்கும் மற்றதை விடச் சிவப்பு, உரஞ்சினா நறநறக்கும், சின்னச் சின்னக் கிறவல் மணி இருக்கு. மேலயும் கீழயும் நல்ல கறுத்தச் சேறு.

துருசடி:
நினைச்சன். அது குளக்கட்டு மண், பிள்ளை. கனபேர் நினைக்கிறது கட்டு உடைச்சா மண் குளத்துக்குள்ள வரும் எண்டு. வராது, தண்ணியோட வயலுக்குத்தான் போகும். 57 மார்கழி வெள்ளத்துக்குக் கன குளம் உடைச்சது, அப்ப வயலுக்குள்ள முழங்கால் உயரத்துக்குக் கட்டு மண் கிடந்தது எண்டு அப்பா சொல்லுவார். உள்ளுக்கு எப்ப மண் வரும் எண்டா, கட்டுக்குப் புது மண் போட்டு உசத்தினாப் பிறகு. புது மண் இறுக முந்தி மாரி வந்திட்டுதெண்டா, வாடைக்கு அலை அடிச்சு உள்சரிவு கரையும், கரைஞ்சது முழுக்கத் துருசடிப் பள்ளத்திலதான் படியும். நான் வேலை செய்த குளங்களிலயே அடுத்த கோடையில தண்ணி வத்தினாப்போல ஒரு சாண் சிவப்பு மண் கிடக்கும். அந்தக் காலத்துச் சனமும் அப்பிடித்தானே, கிட்டக் காட்டில மண்ணை வெட்டித்தானே போட்டிருப்பினம், அது பழைய மண்தானே.

ஆனா ஒண்டு பாருங்கோ, சில இடத்தில குளத்துக்குள்ளேயே கிடங்கு கிண்டி மண் எடுப்பினம், பிறகு அது தூர்ந்து போகும். நீங்கள் அந்தக் கிடங்குக்குள்ள பைப் இறக்கியிருந்தால் கதை வேற.

சோழகம்:
ஐயா சொன்னது எனக்கு இருபது வருசமா ஆரும் சொல்லித் தராதது. தங்கச்சி, கோர் வெட்டின படத்தில 74இல கீழ்க்கரையைப் பாருங்கோ. கத்தியால வெட்டின மாதிரிச் சட்டெண்டு மாறி, கீழ இருக்கிற கறுத்த சேறு கலங்கித் துண்டு துண்டா இருந்தா கிடங்கைச் சந்தேகப்படலாம். கறுத்த சேற்றுக்கு மேல அமைதியாப் படிஞ்சு, மேல போகப்போகத் துகள் சின்னனாகினா ஐயா சொன்ன மாதிரி அலை கரைச்சுக் கொண்டு வந்ததுக்குப் பொருந்தும். துகள் அளவு எடுத்தனீங்களெண்டா அதையும் போடுங்கோ.

அப்பிடி நிண்டா உங்கட தலைகீழ் டேற்தான் கட்டுரையின்ர உயிர். விதைக்கோதுக்கும் கரிக்கும் இடையில ஒரு காலத்தில ஆரோ அந்தக் கட்டை உசத்தியிருக்கினம் எண்டு சொல்லுற சாட்சி அது. அனுராதபுரப் பக்கக் குளங்களில மண் மணிகளுக்கு ஓஎஸ்எல் முறையில வயசு பாத்து, குளம் எப்ப கட்டினது எப்ப கைவிட்டது எண்டு 2013இல ஒரு கட்டுரை வந்தது, தேடி வாசியுங்கோ. ஓஎஸ்எல் வெயில் கடைசியாப் பட்ட காலத்தைச் சொல்லுறது, அதுக்குக் காபன் தேவையில்லை, உங்கட மாதிரிப் பிரச்சினைக்கு நல்லாப் பொருந்தும். ஆனா வெளிச்சம் படாமல் எடுத்த மண் வேணும், வெட்டின கோர் உதவாது.

மகரந்தக்கண்:
அக்கா நான் பொலன், அதுதான் மகரந்தம், அந்தப் பக்கம் மட்டும் சொல்லுறன். அப்ஸ்ட்ராக்டில புல்லு மகரந்தம் கூடினது, அதால வறட்சி எண்டு போட்டிருந்தா அதை உடன மாத்துங்கோ. நெல்லும் புல்லு, குளக்கரையில நிக்கிற நாணலும் புல்லு, காடு வெட்டின வெளியில முளைக்கிறதும் புல்லு, மைக்ரோஸ்கோப்பில எல்லாம் ஒரு துவாரத்தோட உருண்டையா ஒரே மாதிரித்தான் இருக்கும். 40 மைக்ரோனுக்கு மேல எண்டா தானியம் எண்டு சொல்லுவினம், ஆனா அளவை மட்டும் வச்சு நெல்லையும் காட்டு நெல்லையும் பிரிக்கேலாது. குளக்கட்டை உசத்தினது வயல் கூட்டத்தானே, அப்ப புல்லு கூடினது வறட்சியோ வயலோ? மிச்ச மண் இருந்தா பைட்டோலித் பாருங்கோ, நெல்லுக்கெண்டு விசிறி மாதிரி வடிவமுள்ள சிலிக்கா துண்டு வரும். ஒரு மட்டத்துக்கு எத்தினை மணி எண்ணினனீங்கள்? 300க்குக் குறைஞ்சா அதையும் ஒளிக்காமல் எழுதுங்கோ.

நெடுங்கேணிப்பிள்ளை:
எல்லா மட்டத்திலயும் 300 வந்தது, 68உம் 72உம் தவிர. அந்த ரெண்டிலயும் 90, 110 தான், மகரந்தமே இல்லாத மாதிரி இருந்தது. இப்பத்தான் விளங்குது, அது கட்டு மண்ணெண்டா மகரந்தம் எப்பிடி இருக்கும்.

மகரந்தக்கண்:
அதுவே இன்னொரு சாட்சி அக்கா! அந்த ரெண்டு மட்டத்தையும் மழைக்கதையில சேக்காதேங்கோ.

அக்கராயன்_அண்ணை:
ஜேர்னல் விஷயம். ஒரேநேரத்தில ரெண்டுக்கு அனுப்பக்கூடாது, பிடிபட்டா ரெண்டும் போகும், பேரும் போகும். காசு கேட்டு ஐஞ்சு நாளில போடுறம் எண்டு மெயில் வரும், அந்தப் பக்கம் திரும்பியும் பாக்காதேங்கோ. த ஹொலோசீன், ஜேர்னல் ஒஃப் பேலியோலிம்னொலொஜி மாதிரியானவையில ஓப்பின் அக்சஸ் எடுக்காட்டிக் காசு இல்லாமலே போடலாம், ஃபோர்மில அந்தக் கேள்வி வரேக்க கவனமாத் தெரிவு செய்யுங்கோ.

டேட்டாவை ஸெனோடோ எண்ட இணையக் களஞ்சியத்தில போடுங்கோ, இலவசம், டிஓஐ எண்ட நிரந்தர அடையாள நம்பர் தரும், கட்டுரை வரும்வரைக்கும் பூட்டியும் வைக்கலாம். மகரந்த எண்ணிக்கை வீதமா இல்லாமல் எண்ணின எண்ணாவே போகோணும். சில ஜேர்னலில ஹைலைற்ஸ், அதாவது முக்கிய முடிவுகளை ஒவ்வொரு வரியில, கேப்பினம், ஒரு வரி 85 எழுத்துக்கு மேல போனா சிஸ்டம் ஏற்காது, இடைவெளியும் சேத்துத்தான் எண்ணும், எனக்கு அதில ஒரு இரவு போனது.

"உள்ளூருக்கு மட்டும்" எண்டதுக்கு மறுமொழி கவர் லெற்றரின்ர முதல் பந்தியில இருக்கோணும். இலங்கையில பேர்போன பழைய மகரந்தப் பதிவு ஹோட்டன் சமவெளியில எடுத்தது, கடல் மட்டத்தில இருந்து 2000 மீற்றருக்கு மேல, அங்க தென்மேல் பருவக்காற்றுக்கும் நல்ல மழை. வன்னிக்கு மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும், வடகீழ்ப் பருவமும் வங்காள விரிகுடாப் புயலும் தாறதுதான். மலையில எடுத்த பதிவை வச்சு எங்கட மாரியைச் சொல்லேலாது. இதை நாலு வரியில எழுதினா உள்ளூர்க்கதை எண்டு எடிட்டர் சொல்ல மாட்டார்.

மிதிவெடி விஷயத்தை மெதட்ஸில ஒரு வரியா எழுதுங்கோ, கிழக்குக் கரை அந்த நேரம் மிதிவெடி அகற்றப்படாத பகுதி, அதால ஒரு கோர் மட்டும் எடுத்தது எண்டு. அது உண்மைக் காரணம், ஆர் கேட்டாலும் நிக்கும்.

நெடுங்கேணிப்பிள்ளை:
எல்லாருக்கும் என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. இண்டைக்குக் காலமை பிரிட்ஜில இருந்த பாதிக் கோரை எடுத்து 76 தொடக்கம் 80 வரைக்கும் அரிச்சனான், 125 மைக்ரோன் சல்லடையில. ரெண்டு மணித்தியாலம் ஊசியால கிளறினாப் பிறகு அல்லி விதை ஒண்டு முழுசாக் கிடைச்சது, ஒரு எள்ளின்ர அளவுகூட இல்லை. சுப்பர்வைசருக்குப் படம் அனுப்பினனான், டேற்றுக்குக் காசு பாப்பம் எண்டு சொன்னவர். 74இல கீழ்க்கரை கலங்கேல்லை, கறுத்தச் சேறு அப்பிடியே படுத்துக் கிடக்கு, மேல சிவப்பு.

துருசடி ஐயா, கட்டுரையில உங்களுக்கு நன்றி எழுதோணும், பேரை எப்பிடிப் போட எண்டு தனிய அறிவியுங்கோ. வாற ஆவணியில குளம் வத்தினா உங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கட்டின்ர உள்சரிவைக் காட்டோணும், ஏலுமோ?

துருசடி:
வாறன் பிள்ளை. மண்வெட்டியும் கொண்டு வாறன், கட்டை வெட்டாமல் பாக்கிற இடம் எனக்குத் தெரியும்.